கைதேர்ந்தவரின் பதில் எல்லோர் திரையிலும்: ஒரு வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் நடந்தது

செயற்கை நுண்ணறிவு வந்தால் முதலில் காலியாகப் போவது கால் சென்டர்தான் என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். அப்படி ஒரு கருவி நிஜமாகவே ஒரு சேவைப் பிரிவுக்குள் வந்தபோது, அங்கே வேலை பார்த்தவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கு நம்மிடம் ஒரு நல்ல பதிவு இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டின் எரிக் பிரின்யால்ஃப்சன், எம்ஐடியின் டானியெல் லீ, லிண்ட்சி ரேமண்ட் ஆகிய மூவரும் செய்த ஆய்வு அது. முதல் வடிவம் 2023 ஏப்ரலில் வெளிவந்தது. திருத்திய வடிவம் 2025இல் ஒரு பொருளாதார ஆய்விதழில் அச்சானது. வேலையிடத்தில் மனிதருக்கு என்ன மதிப்பு என்று யோசிப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். நல்ல சேதியும் உறுத்தலான சேதியும் இதில் ஒன்றாகவே இருக்கின்றன.

நிறுவனத்தின் பெயரை ஆய்வாளர்கள் வெளியிடவில்லை. அமெரிக்காவின் மிகப் பெரிய நிறுவனங்களை வரிசைப்படுத்தும் ஃபார்ச்சூன் 500 பட்டியலில் உள்ள மென்பொருள் நிறுவனம் என்பதும், அமெரிக்காவின் சிறு, நடுத்தர வணிகங்களுக்குத் தொழில் நடத்த உதவும் மென்பொருளை விற்கிறது என்பதும் தெரியும். அதன் வாடிக்கையாளர் சேவை ஏஜென்ட்களில் பெரும்பாலானவர்கள் பிலிப்பைன்ஸில் இருந்தபடி சாட்டில் பதில் சொல்பவர்கள். 2020இன் கடைசி மாதங்களிலிருந்து அவர்களுக்கு ஒரு கருவி படிப்படியாகக் கொடுக்கப்பட்டது. எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்காததால், கிடைத்தவர்களையும் இன்னும் கிடைக்காதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. 2023 வடிவத்தின்படி 5,179 ஏஜென்ட்கள், சுமார் 30 லட்சம் சாட்கள். சாட்ஜிபிடி என்ற பெயரை உலகம் கேள்விப்படுவதற்கு முன்பே இவ்வளவும் தொடங்கிவிட்டது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். ஒரு சாட் சராசரியாக 40 நிமிடம் ஓடும். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் போட உட்கார்ந்த ஒரு கடைக்காரருக்கு மென்பொருளுக்குள் நுழையவே முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் கோபமாகத்தான் எழுதுவார். பிரச்சினை பாஸ்வேர்டிலா, கணக்கின் அனுமதியிலா, பழைய பதிப்பிலா என்று ஏஜென்ட் கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் அவரைச் சமாதானப்படுத்தவும் வேண்டும், மணிக்கு இத்தனை முடிக்க வேண்டும் என்ற டார்கெட்டும் தலைக்கு மேல் நிற்கும். எல்லாவற்றுக்கும் நிறுவனத்தின் ஆவணத் தொகுப்பில் விடை இருக்கும், ஆனால் எந்தப் பக்கத்தில் என்பது அனுபவசாலிக்குத்தான் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர் சில வாரப் பயிற்சி முடித்துவிட்டு நேராக இதில் வந்து விழுகிறார். திட்டு வாங்குகிறார், டார்கெட்டைத் தொட முடியவில்லை, மாதம் சில போவதற்குள் பேப்பர் போட்டுவிடுகிறார். உலகம் முழுக்க இந்தத் தொழிலின் கதை இதுதான். சென்னை ஓஎம்ஆரில் இரவு ஷிஃப்டுக்குப் போய் வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

கருவி எப்படி வேலை செய்தது? பழைய உரையாடல்களை அதற்குப் பாடமாகக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் பிரச்சினை தீர்ந்ததா, எவ்வளவு நேரம் ஆனது, வாடிக்கையாளர் திருப்தியடைந்தாரா, பதில் சொன்னவர் முன்னணி ஏஜென்டா என்ற குறிப்புகளும் சேர்ந்தன. கைதேர்ந்தவர்கள் எங்கே வேறுபடுகிறார்கள் என்பதை அது அதிலிருந்து பிடித்துக்கொண்டது. அப்புறம், ஒரு புதிய சாட் ஓடும்போதே ஏஜென்டின் திரை ஓரத்தில் 'இப்படிப் பதில் சொல்லலாம்' என்று ஒரு வரியைக் காட்டும், தொடர்பான ஆவணத்துக்கு இணைப்பும் தரும். வாடிக்கையாளருக்கு இது எதுவும் தெரியாது. ஏஜென்ட் அந்த வரியை அப்படியே அனுப்பலாம், மாற்றி அனுப்பலாம், கண்டுகொள்ளாமலும் விடலாம். பாதிக்கும் குறைவான பரிந்துரைகளைத்தான் அவர்கள் பின்பற்றினார்கள். தனக்குப் போதுமான பாடம் இல்லாத விஷயமென்றால் கருவி வாயைத் திறக்காது. கடைசி வார்த்தை மனிதருடையது என்பது இந்த அமைப்பிலேயே இருந்தது. பின்னால் வந்த நல்ல விளைவுகள் பலவற்றுக்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

விளைவுகள் இவை. ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்பட்ட பிரச்சினைகளின் எண்ணிக்கை சராசரியாக 14 சதவீதம் கூடியது. 2025இல் வந்த இறுதி வடிவம் இதை 15 சதவீதம் என்கிறது. ஆனால் சராசரியைப் பார்த்தால் விஷயம் கையில் சிக்காது. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம் வரை கூடியது. ஏற்கெனவே கைதேர்ந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் கூடவில்லை. கருவியோடு இரண்டு மாதம் வேலை பார்த்த ஒருவர், கருவி இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்த ஒருவருக்குச் சமமாக இருந்தார்.

எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு மூன்று. முதலாவது, வாடிக்கையாளர்கள் எழுதும் தொனி மாறியது. திட்டு குறைந்தது. 'உங்க மேனேஜரைக் கூப்பிடுங்க' என்று கேட்பது ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. ஒரு நாளில் பத்துப் பேரிடம் அவமானப்படும் ஒருவருக்கு அது ஏழெட்டாகக் குறைந்தால்கூட அந்த நாளே வேறு நாள்தான். வீட்டுக்குப் போகும்போது மனதில் ஏற்றிக்கொண்டு போகும் சுமை அது. இரண்டாவது, புதியவர்கள் வேலையை விட்டுப் போவது குறைந்தது. மூன்றாவது, கருவி இடையிடையே பழுதாகி நின்றபோது நடந்தது. அந்த நேரங்களில் ஏஜென்ட்கள் பழைய நிலைக்குச் சரிந்துவிடவில்லை. பரிந்துரை இல்லாமலேயே முன்பைவிட நன்றாகப் பதில் சொன்னார்கள். பரிந்துரைகளை அதிகம் பின்பற்றியிருந்தவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அதாவது, திரையைப் பார்த்து ஒப்பித்ததோடு நிற்காமல் அவர்கள் வேலையைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். கருவி மனிதரை மழுங்கடிக்கும் என்ற பயம் நியாயமானதுதான். இங்கே மழுங்கடிக்கவில்லை, ஏனென்றால் யோசித்துத் தேர்வு செய்யும் வேலை ஏஜென்டிடமே இருந்தது.

இனி உறுத்தலான பக்கம்.

அந்தப் பரிந்துரைகள் எங்கிருந்து வந்தன? கைதேர்ந்த ஏஜென்ட்களிடமிருந்து. எந்த இடத்தில் முதலில் வருத்தம் தெரிவிக்க வேண்டும், எந்தக் கேள்வியை முன்னால் கேட்டால் பாதிப் பிரச்சினை தீரும், எந்த ஆவணத்தைத் தேட வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் வருடக்கணக்கில் அடி வாங்கிச் சேர்த்த கைப்பக்குவம். யாரும் எழுதிக் கொடுக்காத அறிவு, அவர்களாலேயே முழுதாக எடுத்துச் சொல்ல முடியாத அறிவு. அதைத்தான் கருவி அவர்களின் சாட்களிலிருந்து எடுத்து, நேற்று சேர்ந்தவரின் திரையில் வைத்தது. இதற்காக அவர்களுக்குத் தனியாக எதுவும் கொடுக்கப்படவில்லை. அதோடு, இந்தத் தொழிலில் போனஸ் என்பது பெரும்பாலும் மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடப்படுவது. எல்லோரும் மேலே வந்துவிட்டால், முன்னால் நின்றவரின் முன்னிலை சுருங்கும். தன் அறிவைக் கொடுத்தவருக்கே அதனால் பணம் குறையும் வாய்ப்பு இருக்கிறது. ஆய்வாளர்களே இந்தக் கேள்வியை எழுப்பியிருக்கிறார்கள்.

கைதேர்ந்தவர்களின் வேலைத் தரத்திலும் ஒரு சின்னச் சரிவு தெரிந்தது. கருவி வந்தபின் முன்னணி ஏஜென்ட்கள் கொஞ்சம் வேகமாக முடித்தார்கள், ஆனால் தரம் லேசாகக் குறைந்தது. தனக்கே தெரிந்த நல்ல பதிலை யோசிப்பதற்குப் பதில், திரையில் தயாராக நிற்கும் பதிலைத் தட்டிவிடுவது எளிது. நாளெல்லாம் சாட் முடித்துக் களைத்த யாரும் அதைத்தான் செய்வார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிறுவனம் கவலைப்பட வேண்டும். மென்பொருளின் அடுத்த பதிப்பு வரும், இதுவரை யாரும் பார்க்காத பிழை வரும். அதற்கு முதல் விடையைக் கண்டுபிடிக்கப்போவது இதே அனுபவசாலிகள்தான். அவர்கள் யோசிப்பதை நிறுத்திவிட்டால் கருவிக்கும் புதிய பாடம் கிடைக்காது.

இந்த விஷயத்தில் ஹாலிவுட் நடிகர்கள் தெளிவாக இருந்தார்கள். 2023இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து அவர்களின் சங்கம் பெற்ற ஒப்பந்தத்தில், ஒரு நடிகரின் டிஜிட்டல் உருவத்தைச் செய்து பயன்படுத்த அவருடைய சம்மதமும் வேண்டும், பணமும் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதே வருடம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்த திரைக்கதை எழுத்தாளர்கள், செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று எழுத்தாளரை நிறுவனம் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை எழுத்தில் வாங்கினார்கள். நடிகரின் முகத்துக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்ட உலகம், ஒரு சேவை ஏஜென்டின் பொறுமைக்கும் சமயோசிதத்துக்கும் விலை இல்லை என்று எந்த நியாயத்தில் சொல்லும்? அவர்களுக்குப் பின்னால் வலுவான சங்கம் இருந்தது, இவர்களுக்கு இல்லை. எனக்குத் தெரிந்து வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, இதே வேலையில் வேறு முடிவுகள் எடுத்த இரண்டு நிறுவனங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஸ்வீடனின் க்ளார்னா, பொருளை இப்போது வாங்கிப் பணத்தைப் பின்னால் கட்டும் வசதியைத் தரும் நிறுவனம். 2024 பிப்ரவரி கடைசியில், ஓபன்ஏஐ தொழில்நுட்பத்தில் செய்த தன் சேவை உதவியாளர் பற்றி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. முதல் மாதத்திலேயே 23 லட்சம் உரையாடல்கள், மொத்த சாட்களில் மூன்றில் இரண்டு பங்கு, 700 முழுநேர ஏஜென்ட்களுக்குச் சமமான வேலை, 11 நிமிடத்தில் முடிந்தது இப்போது 2 நிமிடத்துக்குள் முடிகிறது, அந்த வருடம் 4 கோடி டாலர் லாபம் கூடும் என்ற எதிர்பார்ப்பு. உலகமெங்கும் இந்த எண்கள் பேசப்பட்டன. இங்கே கருவி ஏஜென்டின் பக்கத்தில் உட்காரவில்லை, அவர் நாற்காலியில் உட்கார்ந்தது. 2025 மே மாதம் அதன் தலைவர் செபாஸ்டியன் சீமியட்கோவ்ஸ்கி, செலவைக் குறைப்பதையே பெரிதாகப் பார்த்ததில் சேவையின் தரம் குறைந்துவிட்டது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வாடிக்கையாளர் விரும்பினால் எப்போதும் ஒரு மனிதரோடு பேச முடிய வேண்டும் என்று சொல்லி, மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். கருவியை அவர்கள் கைவிடவில்லை, இன்றும் பெரும்பகுதிச் சாட்களை அதுதான் பார்க்கிறது. ஆனால் இரண்டு நிமிடத்தில் முடிந்த உரையாடல் எல்லாமே தீர்ந்த உரையாடல் இல்லை என்பதை அந்த நிறுவனம் பணம் செலவழித்துத் தெரிந்துகொண்டது. திரும்ப எடுக்கும் வேலைகள் எப்படிப்பட்டவை என்பதிலும் எனக்குக் கவலை உண்டு. வாடகைக் கார் ஓட்டுநரைப்போல வேண்டும்போது வந்து போகிற, தொலைவிலிருந்து செய்கிற வேலையாக அதைத் திட்டமிட்டார்கள். முன்பு ஒரு வேலையாக இருந்தது இப்போது துண்டு வேலையாகத் திரும்பி வருகிறது.

ஐக்கியா வேறு பாதையில் போனது. அதன் பெரும்பாலான கடைகளை நடத்தும் இங்கா குழுமம், பில்லி என்ற சாட் உதவியாளரை 2021இல் இறக்கியது. அவர்களின் புகழ்பெற்ற புத்தக அலமாரியின் பெயர் அது. அடுத்த இரண்டு வருடங்களில் கால் சென்டருக்கு வந்த கேள்விகளில் 47 சதவீதத்தை அதுவே முடித்துவைத்தது. 'என் ஆர்டர் எங்கே', 'கடை எத்தனை மணிக்குத் திறக்கும்' போன்ற கேள்விகள் இப்படிப் போனபின், கால் சென்டர் ஊழியர்கள் 8,500 பேருக்கு வீட்டு உள் அலங்கார ஆலோசனையில் பயிற்சி கொடுத்தார்கள். சமையலறையை எப்படி அமைக்கலாம், சின்ன அறையில் கட்டிலை எங்கே போடலாம் என்று தொலைபேசியிலும் காணொளியிலும் யோசனை சொல்லும் வேலை. 2022 ஆகஸ்டில் முடிந்த நிதியாண்டில் இந்தத் தொலைதூர விற்பனை வழியாக 130 கோடி யூரோ வந்தது. மொத்த விற்பனையில் 3.3 சதவீதம். 2028க்குள் அதை 10 சதவீதமாக்கும் எண்ணத்தையும் சொன்னார்கள். தர்ம சிந்தனையால் மட்டும் இது நடந்ததாக நான் நினைக்கவில்லை. வருடக்கணக்கில் வாடிக்கையாளரின் குறைகளைக் கேட்ட ஒருவருக்கு அவர்களின் வீடு எப்படிப்பட்டது, எதில் திணறுகிறார்கள் என்று தெரியும் என்பதை யாரோ ஒருவர் உள்ளே இருந்து சரியாகக் கவனித்திருக்கிறார். அந்த அறிவுக்கு ஏற்ற அடுத்த வேலையையும் உருவாக்கியிருக்கிறார். எல்லா நிறுவனத்துக்கும் இது வாய்க்காது. விற்க வேறு ஒரு சேவை கையில் இருந்தால்தான் இப்படி ஆளை நகர்த்த முடியும்.

இந்த மூன்றிலும் வாடிக்கையாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் கருவி வந்தது. எடுத்த முடிவுதான் வேறு. அதனால்தான், செயற்கை நுண்ணறிவு வேலையை மனிதத்தன்மை உள்ளதாக ஆக்குமா ஆக்காதா என்று கேட்பதைவிட, கருவி எடுத்துக்கொண்ட அறிவின் பலன் யாருக்குத் திரும்பிப் போனது என்று கேட்பது பயனுள்ளது. பிலிப்பைன்ஸ் ஏஜென்ட்களில் புதியவர்களுக்குத் திரும்பியது, பழையவர்களுக்குத் திரும்பவில்லை. க்ளார்னாவில் அது லாபக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. ஐக்கியாவில் ஒரு பகுதியாவது ஊழியரின் அடுத்த வேலையாகத் திரும்பியது.

கண்காணிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதிலைப் பரிந்துரைக்கும் அதே திரையில் ஆளை அளக்கவும் முடியும். ஏஜென்டின் குரலைக் கேட்டு, 'நீங்கள் களைப்பாக ஒலிக்கிறீர்கள், இன்னும் பரிவோடு பேசுங்கள்' என்று எச்சரிக்கும் மென்பொருள்கள் சந்தையில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் இதைப் பொறுக்கவில்லை. 2025 பிப்ரவரி 2 முதல், வேலையிடத்தில் ஊழியரின் உணர்ச்சிகளை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவு அங்கே தடை செய்யப்பட்டிருக்கிறது. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு. ஜெர்மனியில் இதற்கு இன்னும் பழைய வேர் உண்டு. ஊழியரின் நடத்தையையோ வேலையையோ கண்காணிக்கக்கூடிய தொழில்நுட்பக் கருவியைக் கொண்டுவர வேண்டுமென்றால், ஊழியர்களே தேர்ந்தெடுக்கும் ஊழியர் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று 1972ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. 2021இல் அதில் ஒரு திருத்தம் வந்தது. நிறுவனம் கொண்டுவரும் செயற்கை நுண்ணறிவை மன்றம் மதிப்பிட வேண்டியிருந்தால், அதற்காக ஒரு நிபுணரை அழைத்துக்கொள்ளலாம். கருவியைப் புரிந்துகொள்ளும் உரிமையும் ஊழியருடையது என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

நம் ஊரில் அப்படி ஒரு மன்றம் பெரும்பாலான சேவை நிறுவனங்களில் கிடையாது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஒரு டீம் லீடோ ஆபரேஷன்ஸ் மேனேஜரோ தன் அதிகாரத்துக்கு உட்பட்டே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. கருவி வரும் மாதத்திலேயே, மற்றவரோடு ஒப்பிடும் போனஸ் கணக்கை நிறுத்திவிட்டு, அவரவர் சாட்டின் தரத்தை வைத்துக் கணக்கிடும்படி மேலிடத்தில் வாதாடலாம். இல்லாவிட்டால் குழுவிலேயே சிறந்தவர்தான் முதலில் நஷ்டப்படுவார். பரிந்துரையை ஏற்காத சாட்களை 'விதிமீறல்' என்று குறிக்கும் அறிக்கையை ஆரம்பத்திலேயே மறுக்க வேண்டும். ஏற்காமல் விட்ட இடங்களில்தான் கருவிக்குத் தெரியாத அறிவு இருக்கிறது. மணிக்கு 14 சதவீதம் கூடுதலாக முடிகிறதென்றால், அந்த நேரம் முழுவதையும் அடுத்த சாட்டால் நிரப்பாமல், ஒரு பகுதியையாவது கற்றுக்கொள்ளவும் மூச்சு விடவும் கொடுக்கலாம். எளிய கேள்விகளைக் கருவி எடுத்துக்கொண்டால் மனிதரிடம் வருவதெல்லாம் கடினமான, கோபமான சாட்களாகவே இருக்கும். பழைய டார்கெட்டை அப்படியே வைத்துக்கொண்டு அதைச் செய்யச் சொல்வது அநியாயம்.

அனுபவசாலிகளின் விஷயத்தில் கணக்கு கொஞ்சம் சிக்கல்தான். ஒரு பரிந்துரை யாருடைய எந்தச் சாட்டிலிருந்து வந்தது என்று இப்படிப்பட்ட கருவிகளில் பிரித்துச் சொல்ல முடியாது, அதனால் வரிக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்க முடியாது. ஆனால் அவர்களுக்கு ஒரு பதவியைக் கொடுக்க முடியும். வாரத்தில் குறிப்பிட்ட மணி நேரம் சாட் வரிசையிலிருந்து விலக்கி, கருவி தரும் பதில்களைச் சரிபார்க்கவும், புதிய பிரச்சினைகளுக்கு முதல் விடையை எழுதவும், தவறான பரிந்துரையை நீக்கவும் அவர்களை அமர்த்தலாம். அந்த வேலைக்குத் தனிப் பெயர், தனிச் சம்பளம், அப்ரைசலில் தனி இடம். எந்தெந்த உரையாடல்களைக் கருவிக்குப் பாடமாகக் கொடுக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்வதும் அதன் பகுதியாக இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு இரண்டு மாதத்தில் கிடைத்த முன்னேற்றத்தின் மதிப்பு நிறுவனத்துக்குத் தெரியும், அதை அது கணக்குப் போட்டு வைத்திருக்கும். இந்தச் சம்பளத்தை அந்தக் கணக்கிலிருந்தே கேட்கலாம்.